பேய்களுக்காகக் காத்திருப்பவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் பிளக்ஸ் அடிக்கிற கடையில் வேலை பார்க்கிறான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் படம் சேர்ப்பது அவன் வேலை. வேலை முடிந்தபிறகு அவன் வரைவதெல்லாம் பேய்கள். 2025 மே 22ஆம் தேதிக்காக அவன் ஒரு வருஷத்துக்கும் மேலாக நாள் எண்ணிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில் யூனிவர்சல் நிறுவனத்தின் 'எபிக் யூனிவர்ஸ்' என்ற கேளிக்கைப் பூங்கா திறந்தது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்றுக்குப் பெயர் 'டார்க் யூனிவர்ஸ்'. ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா, மம்மி, ஓநாய் மனிதன் என்று பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் விகார உருவங்களுக்கென்றே கட்டிய ஒரு ஊர். தம்பிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மதுரை விமான நிலையத்தை வெளியே நின்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

பூங்கா திறந்து சில மாதம் கழித்து ராஜபாளையத்துக்கு என் வீடு தேடி வந்தான். "அண்ணே, நீங்க தமிழ் எம்.ஏ.தான? நம்ம ஊர்ப் பேய் அம்புட்டையும் ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்கண்ணே. நம்மளும் இதே மாதிரி ஒரு பார்க் டிசைன் பண்ணிப் பாப்பம். சும்மா, படமாத்தான்." தமிழ் எம்.ஏ. படித்தவனைத் தேடி வந்து யாராவது வேலை கொடுப்பது அபூர்வம் என்பதால் உடனே ஒத்துக்கொண்டேன். அந்த லிஸ்ட் இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அங்கே நடந்த காத்திருப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1931இல் 'டிராகுலா', அதே வருஷக் கடைசியில் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1932இல் 'தி மம்மி', 1933இல் 'தி இன்விசிபிள் மேன்', 1941இல் 'தி உல்ஃப் மேன்', 1954இல் 'கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்'. அமெரிக்கப் பொருளாதாரம் நொறுங்கி, வேலை போனவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் முதல் படங்கள் வந்தன. 1957இல் இந்த மாதிரிப் பழைய படங்கள் 52ஐ ஒரே கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். தியேட்டரில் இவற்றைப் பார்த்திராத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வருஷமே அவர்களுக்கென்று 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்ற பத்திரிகை தொடங்கியது. அந்தப் பிள்ளைகளில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஆர்லாண்டோவில் யூனிவர்சல் தன் முதல் பூங்காவைத் திறந்தது 1990இல். அங்கே சுறாவுக்கும் கிங்காங்குக்கும் தனி இடம் இருந்தது. கம்பெனிக்குச் சோறு போட்ட இந்தப் பழைய உருவங்களுக்கென்று தனியாக ஒரு ஊர் கிடைக்க 35 வருஷம் ஆகியிருக்கிறது.

நடுவில் 2017இல் 'டார்க் யூனிவர்ஸ்' என்ற இதே பெயரில் ஒரு திரைப்பட வரிசையை அறிவித்தார்கள். புது 'மம்மி' படம் ஒன்று வந்தது, விழுந்தது, வரிசையும் அதோடு போயிற்று. செத்த பெயர் பூங்காவில் எழுந்து நடமாடுகிறது. பேய்க்குப் பொருத்தமான காரியம்தான். பூங்காவை 2019இல் அறிவித்தார்கள், 2020இல் கொரோனாவால் வேலை நின்றது, 2021இல் மறுபடி தொடங்கியது. இந்தக் காலம் முழுக்க ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஹெலிகாப்டரில் பறந்து கட்டுமான இடத்தைப் படமெடுத்தார்கள். கட்டட அனுமதிக்காக அரசாங்கத்துக்குக் கொடுத்த தாள்களைத் தோண்டி எடுத்து, எந்த மூலையில் எந்தப் பேய் வரும் என்று கணக்குப் போட்டார்கள். நம் தம்பியும் அந்தப் படங்களைப் பெரிதாக்கி, கோட்டை வாசலில் எத்தனை கல் வைத்திருக்கிறான் என்று எண்ணியிருக்கிறான். கட்டி முடியாத பேய்க்கோட்டை ஒன்று நாலைந்து வருஷம் உலகம் முழுக்க உள்ள ஆட்களின் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக்கு ஒருவரும் டிக்கெட் வாங்கவில்லை. கம்பெனிக்கு அது ஓசி விளம்பரம்.

இதை 'நுகர்வு வெறி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் சிற்றிதழ்க்காரர்களுக்குச் சுலபம். 1990களில் போத்ரியாரின் டிஸ்னிலேண்டைத் தொடாமல் யாரும் கட்டுரை எழுதியதில்லை. நிஜ அமெரிக்காவே ஒரு டிஸ்னிலேண்ட்தான் என்பதை மறைக்கவே டிஸ்னிலேண்ட் இருக்கிறது என்றார் அவர். சரிதான். ஆனால் அந்த வாக்கியம் டிஸ்னியைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, எலிக்குஞ்சை விட்டுவிட்டுப் பிணத்தை ஒட்டித் தைத்த ஒரு உருவத்துக்காக ஏங்குகிற ரசிகனைப் பற்றி அவ்வளவு குறைவாகச் சொல்கிறது. அவன் யாருக்காகக் காத்திருக்கிறான்? 1931 படத்தின் கதாநாயகன் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தது போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த உருவம். குளக்கரையில் ஒரு சின்னப் பெண் பூவைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடக் கற்றுக்கொடுக்கிறாள். பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கிப் போடுகிறது அது. 1935இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கண் தெரியாத கிழவர் ஒருவர் அதற்கு ரொட்டி கொடுத்து, 'நண்பன்' என்ற சொல்லைக் கற்றுத்தருகிறார். கண் தெரிந்தவர்கள் வந்து அதையும் கெடுக்கிறார்கள். ரசிகன் விகாரத்தின் பக்கம் நிற்கிறான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்ட எவனுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலிய விமர்சகர் ஃபிராங்கோ மொரெட்டி இந்த இரண்டு உருவங்களையும் சேர்த்து வாசித்தார். ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பு, பல பிணங்களின் துண்டுகளைத் தைத்து உண்டாக்கப்பட்டு, பெயர்கூட இல்லாமல் விடப்பட்ட தொழிலாளி. டிராகுலா, உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடிருக்க முடிகிற மூலதனம். மார்க்ஸே 'மூலதனம்' நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் ரத்தக்காட்டேரி என்று மூலதனத்தைச் சொல்லியிருக்கிறார். ராஜபாளையத்துக்காரனுக்கு இது உவமை மாதிரித் தோன்றாது. நூற்பாலை விடுதி ஒன்றில் மூணு வருஷம் இருந்த எங்கள் சொந்தக்கார அக்கா சொல்வாள்: ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வெள்ளைச் சேலை நிற்கும், ஒருத்தி பார்த்துக் கத்தினால் பத்துப் பேர் மயங்கி விழுவார்கள், அன்றைக்கு மட்டும் மிஷின் நிற்கும். மறுநாள் பூசாரியைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள். மலேசியத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பேய் பிடித்ததைப் பற்றி ஐவா ஓங் 1987இல் எழுதிய புத்தகத்தை நான் படித்தது ரொம்பப் பின்னால்தான். அக்காவுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. "பேய் வந்தாத்தான் தம்பி எங்களுக்கு லீவு" என்றாள்.

இப்போது பூங்காவுக்குள் போவோம். 'டார்க்மூர்' என்று ஒரு ஐரோப்பியக் கிராமம். அங்கே பழைய விஞ்ஞானியின் வம்சத்தில் வருகிற விக்டோரியா ஃபிராங்கன்ஸ்டைன் என்பவள் எல்லா விகார உருவங்களையும் பிடித்து அடக்கிவைக்கும் சோதனை நடத்துகிறாள். சோதனை தோற்று, அவை கட்டவிழ்ந்து வருவதுதான் முக்கியச் சவாரி. அதாவது தினமும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை, அவை தப்பிக்கின்றன. அடுத்த வண்டி வருவதற்குள் மறுபடி அடைபட்டுவிடுகின்றன.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது சவாரி இல்லை, ஒரு சாப்பாட்டுக்கடை. 1931 படத்தின் முடிவில் தீப்பந்தம் ஏந்திய ஊர்க்கூட்டம் அந்த உருவத்தைத் துரத்துகிறது. அது ஒரு பழைய காற்றாலைக்குள் ஒளிகிறது. ஆலையை வெளியிலிருந்து கொளுத்துகிறார்கள். உள்ளே அது அலறுகிறது. பூங்காவில் இதே காற்றாலையைக் கட்டி அதை மதுவும் உணவும் விற்கும் விடுதியாக வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது அதன் இறக்கைகள் நிஜத் தீயாகப் பற்றி எரியும். கீழே நிற்கிறவர்கள் கைதட்டிப் படமெடுப்பார்கள். தம்பி அந்த வீடியோவை எனக்குப் போட்டுக் காண்பித்தபோது, "செமயா இருக்குல்லண்ணே?" என்றான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதவை அடைத்துக் கொளுத்துவது என்றால் என்னவென்று 1968 டிசம்பர் 25க்குப் பிறகு தமிழ் பேசுகிற எவனும் தெரியாது என்று சொல்ல முடியாது. கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர். ஊர்க்கூட்டம், தீப்பந்தம், உள்ளே அடைபட்டவர்கள் என்ற மூன்றும் சேர்ந்த காட்சியை நாம் அமெரிக்கக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. விகாரத்தின் பக்கம் நின்று காத்திருந்த ரசிகனைக் கடைசியில் பூங்கா தீ வைக்கிற கூட்டத்தின் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அவனுக்கே தெரியாமல், கையில் ஒரு பீர் கோப்பையோடு.

பேய்க்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. மேரி ஷெல்லி 1818இல் எழுதிய நாவலை யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம். தட்டையான மண்டை, கழுத்தில் முளைத்த ஆணி என்று ஜாக் பியர்ஸ் போட்ட அந்த ஒப்பனை மட்டும் யூனிவர்சலுடையது. 1957இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி அதே கதையைப் படமெடுத்தபோது முகத்தை மாற்றி ஒப்பனை போட வேண்டியிருந்தது. கதை பொதுச்சொத்து, முகம் தனிச்சொத்து. நம்மூரில் நிலைமை தலைகீழ். எங்கள் காட்டேரிக்கு இதுதான் முகம் என்று ஒருவரும் பதிவு செய்யவில்லை. ஆனால் அது எந்தப் புளியமரம், யார் வயல் வரப்பு என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

காத்திருத்தல் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஆண்டாளைச் சொல்வார்கள். அது வேறு காத்திருப்பு, அதற்கு வேறு கட்டுரை வேண்டும். எனக்கு நினைவு வந்தது ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. வகுப்பில் எங்களுக்குக் குலோத்துங்கன் புகழ் என்று சொல்லி நடத்திய நூல். ஆனால் அதில் பெரும்பகுதி பசித்த பேய்களின் காத்திருப்பு. சண்டை நடந்தால்தான் அவற்றுக்குக் கூழ். ஆர்லாண்டோவில் மனுஷர்கள் பேய்களுக்காகக் காத்திருந்தார்கள். பரணியில் பேய்கள் மனுஷப் பிணங்களுக்காகக் காத்திருக்கின்றன. நடுவில் 'இந்திரசாலம்' என்று ஒரு பகுதி. மாயவித்தை கற்று வந்த முதிய பேய் ஒன்று, காளிக்கு முன்னால் போர்க்களத்தை வெறும் தோற்றமாக உண்டாக்கிக் காட்டுகிறது. ரத்த ஆறு ஓடுகிறது, பிணம் மலைமலையாகக் குவிகிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. வெறும் வாயை மென்று, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் இந்த வித்தையை நிறுத்தச் சொல்லி மன்றாடுகின்றன. கேளிக்கைப் பூங்காவைப் பற்றி இதைவிடச் சரியாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. (கூழ் பரிமாறும் இடத்தில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று தனித்தனியாக வருவதையும் கவனிக்க வேண்டும். செத்த பிறகும் விடவில்லை.)

இங்கே நமக்கு வாய்த்த பூங்கா எது? விட்டலாச்சார்யா. 1978இல் வந்த அவருடைய 'ஜகன்மோகினி' தெலுங்குப் படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கொட்டகைகளையெல்லாம் சுற்றியது. மோகினிப் பேய் தன் காலையே விறகாக அடுப்புக்குள் நீட்டிச் சமைக்கிற காட்சியை எங்கள் அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "நம்மளும் அதத்தான செய்யிறோம்" என்பாள். பிறகு ராகவா லாரன்ஸ் வந்தார். 2011இல் வந்த 'காஞ்சனா'வின் பேய், நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. அவளுக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியரும் அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும் கூடவே கொல்லப்படுகிறார்கள். படத்தின் நகைச்சுவை எனக்கு ஒத்துவராது, பல இடங்களில் எரிச்சலே வந்தது. ஆனாலும் நிலப்பறிப்புக்கு எதிராக ஒரு பேய் வழக்கு நடத்துகிறது என்பதை மக்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். அதுவும் 2015, 2019 என்று அடுத்தடுத்த பாகங்களாக ஒரு வரிசையாகிவிட்டது.

அப்புறம் பொருட்காட்சிப் பேய்வீடு. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு மாசமாக அந்தப் பேய்வீட்டைப் பற்றித்தான் வகுப்பில் பேச்சு. உள்ளே போனவன் எவனும் உண்மையைச் சொல்லவில்லை. தகரக் கொட்டகை, கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு. எலும்புக்கூட்டை நூலில் கட்டி இழுத்தார்கள். திரும்பும் முனையில் ஒரு கை என் தோளைப் பிடித்தது. கத்தினேன். அந்தக் கை வியர்த்திருந்தது; கொதிக்கிற சூடு. பேய் இருமியது. இருமி முடித்துவிட்டு, "பாத்துப் போப்பா, கீழ வயரு கெடக்கு" என்றது. வெளியே வந்து நான் அழுததற்குக் காரணம் பயம் என்று அப்பா நினைத்தார். பங்குனி வெயிலில் தகரத்துக்குள் முகமூடி மாட்டி நின்ற அந்த ஆளுக்கு ஒருநாள் கூலி எவ்வளவு என்று கேட்கத் தோன்றியது இருபது வருஷம் கழித்துத்தான்.

இதற்கெல்லாம் மறுபக்கம் கொடை. சங்கரன்கோவில் பக்கம் அம்மாவின் ஊரில் சுடலைமாடன் கொடைக்கு மூன்று ராத்திரி காத்திருப்போம். வில்லுப்பாட்டில் கதை ஏறும். நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போவார். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். பூங்காவில் பேய் குறித்த நிமிஷத்தில் வந்தே தீரும், டிக்கெட்டுக்கு அது உத்தரவாதம். கொடையில் அப்படியில்லை. ஒரு வருஷம் வராமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். வில்லுக்காரர் திரும்பத் திரும்பப் பாடி, குரல் கட்டிப்போய், விடியும்போது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். அந்த வருஷம் முழுக்க ஊரில் அதுதான் பேச்சு: யார் என்ன தப்பு செய்தோம்? இதைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. பந்தலில் யார் எங்கே நிற்கலாம், யார் வீட்டு வரி வாங்கலாம், யார் வீட்டில் வாங்கக்கூடாது என்பதெல்லாம் அங்கே எழுதாத சட்டம். 1990களில் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களில் எத்தனை கோயில் விழாக்கள் காரணமாகக் காட்டப்பட்டன என்பதை நாம் மறந்துவிட முடியாது.

வில்லுப்பாட்டுக் கதைகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று இரண்டு வகை சொல்கிறார். இரண்டாவது வகையில் சாமியாகிறவர்கள் அநியாயமாகச் செத்த மனுஷர்கள். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டது: பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரைக் கட்டி, செருப்புத் தைத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். கொன்ற பிறகு பயம் வருகிறது. பயத்துக்குக் கல் நடுகிறார்கள். கல்லுக்குப் படையல் வைக்கிறார்கள். நம் பேய்களில் பாதிக்கு மேல் இப்படிப் பாக்கி வைத்துவிட்டுப் போனவர்கள், அல்லது அவர்களுக்கு நாம் பாக்கி.

லிஸ்ட் இங்கேதான் சிக்கியது. தம்பி ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தான்: பெயர், உருவம், பவர். கொள்ளிவாய்ப் பிசாசு, குட்டிச்சாத்தான், ரத்தக்காட்டேரி வரை வேகமாகப் போயிற்று. இசக்கி வந்ததும் நின்றுவிட்டது. இசக்கியைப் 'பவர்' கட்டத்தில் எழுத முடியாது. கர்ப்பிணியாகக் கொல்லப்பட்டவள் என்று எழுத இன்னொரு கட்டம் வேண்டும். சுடலையை எழுதினால் அம்மாவின் ஊரில் சோறு போடமாட்டார்கள். நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன்: யார் கொன்றது. அதன்பிறகு ஒவ்வொரு ஊராக விசாரிக்க ஆரம்பித்தால், பெயரே இல்லாத பேய்கள்தான் அதிகம். கிணற்றில் கிடந்த பெண், தண்டவாளத்தில் கிடந்த பையன். நாலாவது கட்டத்துக்குரியவர்கள் பேரன் பேத்தியோடு அதே தெருவில் இருக்கிறார்கள், எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

போன மாதம் பாதி லிஸ்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது கட்டத்தை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "இதப் போட்டா பார்க்க எவன்ணே கட்டுவான்?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காண்பித்தான். அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அடித்த கண்ணீர் அஞ்சலிப் படங்கள். ஒன்றையும் அழிக்கவில்லை. அதில் சின்ன வயதுப் பெண்களின் படங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். போட்டோவில் சிரிப்பு இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் சிரிப்பைச் சேர்க்கச் சொல்வார்களாம். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி மட்டும் இருக்கும். எப்படி என்று ஒருவரும் எழுதச் சொல்வதில்லை.

"இதுல ஒரு பொண்ணுக்கு எங்க தெருவுல எல்லாரும் பயப்படுவாங்கண்ணே," என்றான். "நான்தான் சிரிப்பு வச்சேன்."